பருவநிலைப் பேச்சில் ஆப்பிரிக்கா: பேசுகிற இடம் ஒன்று, பணம் முடிவாகிற இடம் வேறு

கேள்வி இது: "உலகப் பருவநிலை மாநாடுகளிலும் தூய ஆற்றல் பேச்சுகளிலும் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கு என்ன? நிதி கேட்பதைத் தாண்டி அவர்கள் ஏதாவது செய்திருக்கிறார்களா? வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத கண்டத்தில் சோலார் ஏன் இன்னும் பரவவில்லை?"

பார்த்தால் மூன்று கேள்விகள், ஆனால் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. நேரடியாகவே பதில் சொல்கிறேன். ஆப்பிரிக்க நாடுகள் நிறையவே செய்திருக்கின்றன. இன்று நாம் பேசும் நிலைத்த வளர்ச்சி இலக்குகள், பாலைவனமாதலுக்கு எதிரான உடன்படிக்கை, பாரிஸ் ஒப்பந்தத்தின் தகவமைப்பு இலக்கு ஆகிய மூன்றிலும் அவர்களின் கை இருக்கிறது. பருவநிலை மாநாட்டு அரங்கில் அவர்கள் குரல் எடுபடாமல் போகவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சோலார் பேனல் வாங்கப் போகும் நாட்டுக்கு எத்தனை சதவீத வட்டியில் கடன் கிடைக்கும் என்பதை அந்த அரங்கம் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்யும் இடங்களில் ஆப்பிரிக்காவுக்கு இருப்பது ஒரு ஓரத்து நாற்காலிதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் நிலவரம். 54 நாடுகள், ஏறத்தாழ 150 கோடி மக்கள். உலகக் கார்பன் உமிழ்வில் இவர்களின் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டாது. சகாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேருக்கு இன்னும் மின் இணைப்பு இல்லை. கண்டம் முழுவதும் 100 கோடிப் பேர் அளவில் விறகிலும் கரியிலும்தான் சமைக்கிறார்கள். உலகின் மிகச் சிறந்த சூரிய ஆற்றல் வளத்தில் 60 சதவீதம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது, ஆனால் நிறுவப்பட்ட சோலார் திறனில் அதன் பங்கு 1 சதவீதம் அளவுதான் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. இந்த 60-க்கும் 1-க்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நம் விஷயம்.

இந்தப் பங்கேற்பு நேற்று தொடங்கியது இல்லை. ஆப்பிரிக்க சுற்றுச்சூழல் அமைச்சர்களின் மாநாடு 1985இலேயே கெய்ரோவில் உருவாகிவிட்டது. அதற்கும் முன்பு, 1977இல், கென்யாவில் வங்காரி மாத்தாய் கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மரம் நடும் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, சுற்றுச்சூழலுக்கும் அமைதிக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டார்கள். தண்ணீரும் மண்ணும் குறைந்தால் சண்டை வரும் என்பதை அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1992 ரியோ மாநாட்டில் பணக்கார நாடுகளின் கவனம் பருவநிலை மீதும் பல்லுயிர் மீதும் இருந்தது. சகாராவின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதியின் பெரும் வறட்சிகளைக் கண்டிருந்த ஆப்பிரிக்க நாடுகள், மண் அழிவதற்கும் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றன. அதன் பலனாக 1994 ஜூன் 17 அன்று பாரிஸில் பாலைவனமாதலைத் தடுக்கும் உடன்படிக்கை நிறைவேறியது. அதன் முழுத் தலைப்பிலேயே 'குறிப்பாக ஆப்பிரிக்காவில்' என்ற சொற்கள் இருக்கின்றன. ரியோவின் மூன்று பிள்ளைகளில் மிகக் குறைவாகப் பணமும் கவனமும் கிடைத்ததும் இந்த உடன்படிக்கைக்குத்தான்.

நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் கதையும் இப்படித்தான். 2000இல் வந்த மில்லினியம் இலக்குகளில் ஆற்றலுக்கென்று தனி இலக்கே கிடையாது. விளக்கில்லாத பிரசவ அறையும் குளிர்பெட்டி இல்லாத தடுப்பூசியும் அந்த எட்டு இலக்குகளுக்குள் எங்கும் கணக்கில் வரவில்லை. சியரா லியோனைச் சேர்ந்த கான்டே யும்கெல்லா, ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பின் தலைவராக இருந்தபோது, எல்லோருக்கும் மின்சாரம் என்பதை ஐ.நா.வின் மேல்மட்டப் பேச்சுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 2014 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தன் பொது நிலைப்பாட்டை ஓர் ஆவணமாக்கி ஏற்றுக்கொண்டது. அதைத் தயாரித்த உயர்மட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் லைபீரிய அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப். இலக்குகளை வரைந்த ஐ.நா. பணிக்குழுவின் இரண்டு இணைத் தலைவர்களில் ஒருவர் கென்யத் தூதர் மச்சாரியா காமாவ். ஐ.நா. பொதுச்செயலாளரின் தரப்பில் அந்த வேலையை ஒருங்கிணைத்தவர் நைஜீரியாவின் அமினா முகமது. பதினேழு இலக்குகளில் ஏழாவதாக ஆற்றல் இடம்பெற்றதற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டவர் யாரும் 'நிதி கேட்பதைத் தாண்டி' என்று கேட்கமாட்டார்.

பருவநிலைப் பேச்சுக்கு வருவோம். ஆப்பிரிக்கப் பேச்சுவார்த்தையாளர் குழு 1995இல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டிலேயே அமைந்தது. 54 நாடுகளும் ஒரே குரலில் பேசுவதற்கான ஏற்பாடு அது. தலைமை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடு மாறும்.

அந்தக் குழு எப்படிப்பட்டது என்று உலகம் உணர்ந்தது 2009இல். கோபன்ஹேகன் மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு பார்சிலோனாவில் ஆயத்தக் கூட்டம் நடந்தது. பணக்கார நாடுகள் எவ்வளவு உமிழ்வைக் குறைக்கப் போகின்றன என்ற எண்ணைச் சொல்லாதவரை மற்றதைப் பேசப் போவதில்லை என்று ஆப்பிரிக்கக் குழு அமர்வுகளைப் புறக்கணித்தது. வேலை நின்றது. பேச்சு நிகழ்ச்சி மாற்றப்பட்டது. அப்புறம் கோபன்ஹேகனில் மாநாடு தொடங்கிய இரண்டாவது நாளே, அழைத்த நாடான டென்மார்க் சில நாடுகளுக்கு மட்டும் காட்டியிருந்த வரைவு பத்திரிகையில் கசிந்தது. பணக்கார நாடுகளுக்கு மட்டும் உமிழ்வுக் குறைப்பைக் கட்டாயமாக்கிய கியோட்டோ ஏற்பாட்டை ஓரங்கட்டி, பணக்கார நாடுகளின் கையை ஓங்கவைக்கும் வரைவு. வளரும் நாடுகளின் கூட்டணியான 77 நாடுகள் குழுவுக்கு அப்போது தலைமைப் பேச்சாளர் சூடானின் லுமும்பா டி-அபிங். ஆப்பிரிக்க சிவில் அமைப்புகளின் கூட்டத்தில் பேச எழுந்தவர் சில நிமிடம் பேசமுடியாமல் கண்ணீர் விட்டார். எங்களைத் தற்கொலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள் என்றார். உலகச் சராசரி வெப்பம் 2 டிகிரி உயரும் என்றால் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் அதைவிட அதிகமாக உயரும். அந்த மக்களில் பெரும்பாலோர் மழையை நம்பி விவசாயம் செய்பவர்கள். அவருடைய சொல் மிகையென்று அன்று பலர் எழுதினார்கள். 2019இல் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரத்தைச் சிதைத்ததையும், 2023இல் ஃபிரெடி புயல் மலாவியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும் பார்த்தபின் அந்தச் சொல்லை நான் மிகையாக நினைக்கவில்லை.

ஆனால் அந்த மாநாட்டின் முடிவு எப்படி எழுதப்பட்டது? கடைசி நாளில் அமெரிக்க அதிபர் ஒபாமா சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாட்டுத் தலைவர்களோடு ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு சமரசம் செய்துகொண்டார். ஆப்பிரிக்காவின் ஒரு நாடு அந்த அறைக்குள். மற்றவை கதவுக்கு வெளியே. ஆப்பிரிக்கா என்று ஒற்றைச் சொல்லாகப் பேசும்போது மறந்துபோகும் விஷயம் இது. மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து எடுக்கும் தென்னாப்பிரிக்கா, எண்ணெய் விற்கும் நைஜீரியா, எரிவாயு கண்டெடுத்த செனகல், காடு வைத்திருக்கும் காபோன், கடல் மட்டம் உயர்வதை அஞ்சும் சீஷெல்ஸ் எல்லாமே ஒரே குழுவில். ஒரே குரலுக்கு வருவதற்கே உள்ளுக்குள் பாதி மாநாடு நடந்துவிடும்.

அரங்கின் அன்றாடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். தொலைக்காட்சியில் வரும் பெரிய மண்டபத்தில் ஆறு மொழிகளில் மொழிபெயர்ப்பு உண்டு. உண்மையான வேலை நடப்பது முறைசாரா அமர்வுகள் என்று சொல்லப்படும் சின்ன அறைகளில். அங்கே மொழிபெயர்ப்பு கிடையாது, எல்லாம் ஆங்கிலம். திரையில் ஒரு பத்தி ஓடும். ஒப்புக்கொள்ளாத சொற்கள் எல்லாம் அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் ஒரு மணி நேரச் சண்டை. பிரெஞ்சில் நிர்வாகம் நடக்கும் சாட் நாட்டிலிருந்தோ, போர்த்துகீசியத்தில் நடக்கும் கினி பிசாவிலிருந்தோ வந்த அதிகாரி அந்த வேகத்தில் சட்ட ஆங்கிலத்தில் திருத்தம் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் ஏழெட்டு அறைகளில் கூட்டம் நடக்கும். பணக்கார நாட்டுக் குழு ஒவ்வொரு அறைக்கும் ஒரு வழக்கறிஞரை அனுப்பும். சின்ன நாட்டில் அந்த விஷயம் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மாநாடு முடியவேண்டிய நாள் தாண்டி இரவெல்லாம் இழுக்கும்போது, திரும்பும் விமானச் சீட்டை மாற்றப் பணம் இல்லாத குழுக்கள் கிளம்பிப் போயிருக்கும். முக்கியமான அடைப்புக்குறிகள் அவிழ்வது அந்தக் கடைசி இரவில்தான்.

இவ்வளவு தடையிருந்தும் அவர்கள் கொண்டுவந்தவை உண்டு. உமிழ்வைக் குறைப்பதற்கு 2 டிகிரி, 1.5 டிகிரி என்று அளவுகோல் இருப்பதுபோல, மாறிவிட்ட பருவநிலைக்கு ஈடுகொடுத்து வாழ்வதற்கும் உலகளாவிய இலக்கு வேண்டும் என்று 2013இல் முன்வைத்தது ஆப்பிரிக்கக் குழு. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் அது நுழைந்தது. பருவநிலை மாற்றத்தால் நேரும் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பியவை பசிபிக் தீவு நாடுகள். அந்த ஆண்டு வளரும் நாடுகளுக்குத் தலைமை தாங்கியது வெள்ளத்தில் மூழ்கியிருந்த பாகிஸ்தான். ஆனாலும் ஆப்பிரிக்க மண்ணில் நடந்த மாநாட்டில், ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றாக அழுத்தாமல் அது நடந்திருக்காது. இதுவரை அந்த நிதிக்கு வந்த வாக்குறுதி 100 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஒரு தோல்வியையும் சொல்லவேண்டும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் ஒப்பந்தத்தில் தனி அங்கீகாரம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சிறப்புத் தேவைகளையும் அப்படி அங்கீகரிக்கவேண்டும் என்று மாநாட்டுக்கு மாநாடு நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப் பார்க்கிறார்கள், ஒருமித்த கருத்து எட்டவில்லை. நாங்களும்தான் பாதிக்கப்படுகிறோம் என்று லத்தீன் அமெரிக்க நாடுகள் நிற்கின்றன. பணம் கொஞ்சமாக இருந்து, கேட்பவர் பலராக இருந்தால், ஏழைகளுக்குள்தான் தகராறு வரும்.

இனி பணம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

சோலார் நிலையத்துக்கு எரிபொருள் செலவு இல்லை. நிலக்கரி நிலையம் என்றால் ஒவ்வொரு மாதமும் கரி வாங்கவேண்டும். சோலாரில் செலவெல்லாம் முதல் நாளே வந்துவிடும், அதற்குக் கடன் வாங்கவேண்டும். ஆகவே சோலார் மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பதில் வெயிலைவிட வட்டிக்குப் பங்கு அதிகம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10 கோடி டாலரில் ஒரு நிலையம், 20 ஆண்டுக் கடன். வட்டி 5 சதவீதம் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 80 லட்சம் டாலர். வட்டி 15 சதவீதம் என்றால் சுமார் 1 கோடியே 60 லட்சம். பேனல் அதே பேனல், வெயில் இன்னும் நல்ல வெயில், தவணை மட்டும் இரண்டு மடங்கு. ஆப்பிரிக்காவில் தூய ஆற்றல் திட்டங்களுக்கான மூலதனச் செலவு பணக்கார நாடுகளைவிடக் குறைந்தது இரண்டு, மூன்று மடங்கு என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. மேகம் மூடிய ஜெர்மனியில் கூரைக்குக் கூரை பேனல் இருப்பதற்கும், வருடமெல்லாம் வெயிலடிக்கும் நைஜரில் இல்லாததற்கும் காரணம் தேடுபவர்கள் இங்கேதான் தேடவேண்டும்.

இந்த வட்டியை யார் தீர்மானிக்கிறார்கள்? கடன் கொடுக்கும் வங்கிகளும், நாடுகளுக்கு மதிப்பெண் போடும் மூன்று பெரிய தரமதிப்பீட்டு நிறுவனங்களும், பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும். நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு தேவை. அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, எனவே அது ஒன்றே தடுக்கமுடியும். 2021இல் கொரோனா நெருக்கடிக்காக நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புக்குச் சிறப்பு எடுப்புரிமைகளை, அதாவது நாடுகளின் கையிருப்பில் சேரும் சொத்தை, வெளியிட்டது. பங்கீடு நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள பங்கின் விகிதப்படி என்பதால் ஆப்பிரிக்கா முழுமைக்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பணத்தில் இருபதில் ஒரு பங்கு. நிதியத்தின் நிர்வாகக் குழுவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கு மூன்றாவது இருக்கை கிடைத்ததே 2024 நவம்பரில்தான். பருவநிலை மாநாட்டில் ஒரு நாடு ஒரு குரல். நிதியத்தில் அப்படி இல்லை. பங்கேற்பில் குறை எங்கே என்று கேட்டால் என் விரல் இங்கேதான் நீளும்.

கொடுத்த வாக்குகளின் கதையையும் பார்க்கலாம். 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009இல் சொன்னார்கள். அந்த அளவை எட்டியது 2022இல், அதிலும் பெரும்பகுதி திருப்பிக் கட்டவேண்டிய கடன். 2024இல் பாகுவில் புதிய இலக்கு பேசப்பட்டபோது ஆப்பிரிக்கக் குழு கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். பணக்கார நாடுகள் தங்கள் பொறுப்பாக ஏற்றது 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. தென்னாப்பிரிக்காவுக்கு நிலக்கரியிலிருந்து விடுபட 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்த 850 கோடி டாலர் உதவியில் மானியம் மிகச் சொற்பம், மீதியெல்லாம் கடனும் உத்தரவாதமும். 2025இல் அமெரிக்கா அதிலிருந்தும் விலகிக்கொண்டது.

எரிவாயு விஷயத்தில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2021 கிளாஸ்கோவில் இருபதுக்கு மேற்பட்ட நாடுகள், வெளிநாட்டுப் புதைபடிவ எரிபொருள் திட்டங்களுக்கு அரசுப் பணம் கொடுக்கமாட்டோம் என்று கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு உக்ரைன் போர். 2022 மே மாதம் ஜெர்மன் பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் செனகலின் டக்கார் நகரில் நின்று அந்த நாட்டு எரிவாயுவை எடுப்பதில் ஒத்துழைக்கத் தயார் என்றார். ஐரோப்பாவுக்குக் குளிர்காலத்தில் வேண்டும் என்றால் எரிவாயு சரி, ஆப்பிரிக்கா தன் உரத் தொழிற்சாலைக்குக் கேட்டால் தவறு என்ற நிலையை எந்த நியாயத்திலும் பொருத்தமுடியாது. அதே நேரத்தில் கண்டத்தின் இளைஞர்கள் எல்லோரும் தங்கள் தலைவர்கள் பக்கம் இல்லை என்பதும் உண்மை. உகாண்டாவின் எண்ணெயைத் தான்சானியாவின் டாங்கா துறைமுகம்வரை கொண்டுபோகும் 1,443 கிலோமீட்டர் குழாயை எதிர்த்து கம்பாலாவில் கைதானவர்கள் பலர் கல்லூரி மாணவர்கள். உகாண்டாவின் இளம் பருவநிலைச் செயற்பாட்டாளர் வனெசா நகாட்டே 2020இல் உலகப் பொருளாதார மன்றம் கூடிய டாவோஸில் நான்கு ஐரோப்பியப் பெண்களோடு நின்று எடுத்த படத்தில் அவரை மட்டும் வெட்டிவிட்டு ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்டது, பிறகு வருத்தம் தெரிவித்தது. அந்த நிகழ்வைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் அவர் டாவோஸில் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டார்கள்?

2023 செப்டம்பர் 4 முதல் 6 வரை நைரோபியில் முதல் ஆப்பிரிக்கப் பருவநிலை உச்சி மாநாடு கூடியது. என் பார்வையில் திருப்புமுனை அதுதான். அதுவரை பேச்சு பெரும்பாலும் பாதிப்பைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் இருந்தது. கென்ய அதிபர் வில்லியம் ரூட்டோ அதைத் திருப்பினார்: எங்களிடம் வெயிலும் காற்றும் கனிமமும் இளைய தலைமுறையும் இருக்கின்றன, உலகுக்குத் தூய தொழிற்சாலையாக நாங்கள் இருக்கமுடியும், எங்களுக்கு நியாயமான வட்டி வேண்டும். நைரோபி பிரகடனம் 2022இல் 56 கிகாவாட்டாக இருந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திறனை 2030க்குள் 300 கிகாவாட்டாக உயர்த்த உதவி கேட்டது. கப்பல், விமானப் போக்குவரத்து உட்பட உலகளாவிய கார்பன் வரி கேட்டது. கடன் அமைப்பையே மாற்றச் சொன்னது. அதே வாரம் டெல்லியில் ஜி20 மாநாடு ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. இந்தியா தலைமை வகித்த ஆண்டில் நடந்த நல்ல காரியங்களில் இது முக்கியமானது.

நைரோபியில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். உமிழ்வை ஈடுகட்ட வாங்கி விற்கும் சான்றான கார்பன் கிரெடிட்டுக்கு அங்கே கொடுத்த இடம் மிக அதிகம் என்று சிவில் அமைப்புகள் எதிர்த்தன, அதில் நியாயம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஐக்கிய அமீரக நிறுவனம் ஒன்று லைபீரியாவின் நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குக் காட்டின் கார்பன் உரிமைக்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், கடன் சுமையைச் சமாளிக்க ரூட்டோ அரசு கொண்டுவந்த வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நைரோபி நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மசோதா திரும்பப் பெறப்பட்டது. வெளியே வட்டியைக் குறைக்கக் கேட்கும் அரசு உள்ளே தன் மக்களிடம் எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

சரி, தரையில் என்ன நடக்கிறது? கென்யாவையே எடுத்துக்கொள்வோம். நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில் ஓல்காரியாவில் பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியில் 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். இன்று அந்நாட்டின் மின்சாரத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் புவிவெப்பம், மொத்தத்தில் சுமார் தொண்ணூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்கது. வடக்கே துர்க்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், 310 மெகாவாட். காற்றாலைகள் 2017இல் தயார், மின்சாரத்தை எடுத்துச்செல்லும் கம்பிப்பாதை முடிந்தது 2018 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில் சுழலாத காற்றாலைக்கும் அரசு பணம் கட்டவேண்டி வந்தது. மேய்ச்சல் சமூகங்கள் தொடுத்த வழக்கில் அந்த நிலப் பட்டாக்கள் முறைப்படி வழங்கப்படவில்லை என்று 2021இல் நீதிமன்றம் சொன்னது. ஓல்காரியாவிலும் மாசாய் மக்கள் இடம்பெயர்ந்த விவகாரம் உலக வங்கியின் விசாரணைவரை போனது. தூய மின்சாரம் என்பதாலேயே நிலம் எடுப்பது நியாயமாகிவிடாது.

மின்கம்பி எட்டாத வீடுகளில் வேறு கதை. 2007இல் கென்யாவில் வந்த எம்-பெசா, கைபேசி வழியே பணம் அனுப்பும் சேவை. அதன் மேல் ஒரு வியாபாரம் முளைத்தது. கூரையில் ஒரு சின்ன பேனல், உள்ளே ஒரு பெட்டி, இரண்டு மூன்று எல்இடி விளக்கு, கைபேசிக்குச் சார்ஜர், ஒரு ரேடியோ. முன்பணம் கொஞ்சம், பிறகு தினமும் சுமார் 50 ஷில்லிங் கைபேசியில் கட்டவேண்டும். பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கும். பணம் வராவிட்டால் விளக்கு எரியாது, கட்டியதும் மறுபடி எரியும். ஒரு வருடம் போலக் கட்டி முடித்தால் சாமான் வீட்டுக்குச் சொந்தம். முன்பு மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசுதான் இங்கே வந்தது. அடமானம் வைக்க எதுவுமில்லாத குடும்பம் தினக் கூலியிலிருந்து கடன் அடைக்கும் இந்த முறையை ஆப்பிரிக்காவில் வளர்த்தெடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். மாநாட்டுத் தீர்மானம் எதற்கும் இது காத்திருக்கவில்லை.

இப்போது அதைவிடப் பெரிய அலை. 2025 ஜூன்வரையான ஓராண்டில் சீனாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வந்த சோலார் பேனல்கள் சுமார் 15 கிகாவாட், முந்தைய ஆண்டைவிட 60 சதவீதம் அதிகம். தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு தாங்காமல் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கூரையில் போட்டது ஒரு கட்டம். இப்போது மேற்கிலும் வடக்கிலும் பரவுகிறது. பேனல் விலை அவ்வளவு விழுந்துவிட்டது. இதில் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் இருக்கிறது. வசதியுள்ளவர் கூரைக்குப் போய்விட்டால், மின்வாரியத்தை நம்பியிருப்பவர்கள் ஏழைகள் மட்டும் என்றாகும், வாரியத்தின் கடன் இன்னும் ஏறும். உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2030க்குள் 30 கோடிப் பேருக்கு இணைப்பு தருவதாக எடுத்துக்கொண்ட திட்டத்துக்காக 2025 ஜனவரியில் டார் எஸ் சலாமில் தலைவர்கள் கூடியபோது, மின்வாரியங்களைச் சீர்செய்வது பேச்சின் மையத்தில் இருந்தது அதனால்தான்.

கனிமத்தைப் பற்றிச் சுருக்கமாக. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசில். அது பேட்டரியாக மாறுவது வேறு நாட்டில். ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் பதப்படுத்தாத லித்தியம் தாதுவின் ஏற்றுமதியைத் தடை செய்தது, 2023இல் நமீபியாவும். 2025இல் காங்கோ கோபால்ட் ஏற்றுமதியையே சில மாதம் நிறுத்திவைத்துப் பிறகு ஒதுக்கீட்டு அளவு கொண்டுவந்தது. பேச்சுவார்த்தையில் கையில் ஏதாவது இருந்தால்தான் பேச்சு எடுபடும் என்று இந்த நாடுகள் முடிவுக்கு வந்திருக்கின்றன. அந்த வருமானம் சுரங்கத்தில் வேலை செய்பவர் வீட்டுக்குப் போகுமா என்பது அந்தந்த அரசைப் பொறுத்தது.

அடுத்து என்ன என்று கேட்பீர்கள். 2027இல் நடக்கும் ஐ.நா.வின் 32ஆவது பருவநிலை மாநாடு (காப் 32) எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்கு வருகிறது. அந்த நாட்டின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீர்மின்சாரம். 2024 தொடக்கத்தில் பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியை உலகிலேயே முதலாவதாகத் தடை செய்தது. நைல் நதி மேல் 5,150 மெகாவாட் திறனுள்ள அணையை, எகிப்தின் எதிர்ப்பால் வெளிக்கடன் கிடைக்காத நிலையில், பெரும்பாலும் உள்நாட்டு வங்கிப் பணத்தைக் கொண்டும், தன் மக்களிடம் பத்திரம் விற்றும் நன்கொடை வாங்கியும் கட்டி 2025 செப்டம்பரில் திறந்தது. இத்தனையும் செய்த அதே நாடு 2023 டிசம்பரில் 3.3 கோடி டாலர் வட்டித் தவணை கட்டமுடியாமல் கடன் தவறியது. அதற்கப்புறம் கடன் மறுசீரமைப்புப் பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. பிரதிநிதிகள் அடிஸ் அபாபாவில் இறங்கும்போது வெப்ப இலக்கைப் பற்றிய வாசகத்தைவிட நான் தேடிப் படிக்கப்போவது இதைத்தான்: எத்தியோப்பியாவும் சாம்பியாவும் கானாவும் அன்று புதிய சோலார் நிலையத்துக்கு எத்தனை சதவீத வட்டியில் கடன் வாங்குகின்றன என்பதை.